நடுவே வழி உள்ள வீடு

புதுக்கிணற்றுத் தெருவில் தளவாய் வீட்டுத் தெற்குச் சுவர் மூடிக்கொள்ளாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்து, பழகிப்போய், அதைப் பற்றிப் பேசுவதையே விட்டும் ரொம்ப நாளாயிற்று. தளவாயின் அம்மா பகவதியம்மாள் அவிட்ட நட்சத்திரத்தில் செத்தாள். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. அடைப்பில் செத்தவர்களைத் தலைவாசல் வழியாக எடுத்துப் போனால் அவர்கள் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்ல, தளவாயும் அழுதுகொண்டே தலையாட்ட, நடுக்கூடத்துத் தெற்குச் சுவரை ஆள் உயரத்துக்கு இடித்து, அந்த ஓட்டை வழியாக அவளை வெளியே எடுத்து, போன ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் கொத்தனாரை வைத்து ஓட்டையை அடைத்து, மேலே பூசி, பூச்சு காயும் முன்னே மூன்று விரலால் திருநீற்றுப் பட்டையும் இழுத்தாயிற்று. மறுநாள் காலையில் தளவாயின் பெண்டாட்டி வாசல் தெளிக்க எழுந்து வந்தபோது ஓட்டை திறந்திருந்தது. கீழே ஒரு செங்கல் விழுந்து கிடக்கவில்லை, ஒரு கை மணல் சிந்தியிருக்கவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத் தெருவில், ஒரு ஆடு நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி அடைத்தார்கள், மறுபடி திறந்தது. ஊர் கொத்தனாரைச் சந்தேகப்பட்டது, கொத்தனார் சிமெண்டைச் சந்தேகப்பட்டார், சிமெண்டு விற்ற கடைக்காரர் தளவாயைச் சந்தேகப்பட்டார். கருங்கல் வைத்துக் கட்டிப் பார்த்தார்கள், இரும்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள், மலையாளத்திலிருந்து ஒருவரை வரவழைத்து யந்திரம் எழுதிப் பதித்துப் பார்த்தார்கள். அவர் ஏறிப்போன பஸ் அடுத்த ஊரைத் தாண்டும் முன்னே யந்திரமும் சுவரோடு சேர்ந்து காணாமல் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இந்தச் சுவரை மூடவும் ஒன்றும் அகப்படவில்லை. பகவதியம்மாள் வந்துபோகத்தான் இப்படித் திறந்து கிடக்கிறது என்று கொஞ்ச நாள் பயந்தார்கள், பிள்ளைகளுக்குக் கறுப்புக் கயிறு கட்டினார்கள், விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தார்கள். ஆனால் பயப்படுவதற்கும் ஒரு அளவு உண்டு, ஊருக்கு வேறு வேலை இருக்கிறது.

புதுக்கிணற்றுத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத் தெருவுக்குப் போக வேண்டுமானால் தெப்பக்குளத்தைச் சுற்றி, வாய்க்கால் பாலம் ஏறி இறங்கி, எண்ணெய்ச் செக்கைத் தாண்டிப் போக வேண்டும். முதலில் அந்த ஆடுதான் கண்டுபிடித்தது: ஓட்டையில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, தலைவாசல் வழியாக இந்தத் தெருவில் வந்து நின்றது. ஆட்டைத் தேடி ஆட்டுக்காரி வந்தாள். ஆட்டுக்காரியைப் பார்த்துவிட்டுப் பால்காரர் வந்தார், பால்காரரைப் பார்த்துவிட்டு நேரமாகிப்போன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைக் கண்டிக்க வந்த வாத்தியாரும் அந்த வழியாகவே திரும்பிப் போனார். பிறகு அதற்கென்று முறைகள் ஏற்பட்டன, யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், குடையை மடக்கிக்கொள்ள வேண்டும், சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டும், எக்காரணம் கொண்டும் நடுவில் நிற்கக் கூடாது. பேரூராட்சி ஒரு குழல் விளக்கு மாட்டிக் கொடுத்தது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் கும்பிட்ட கையோடு கூடத்தைக் கடந்து, ஜெயித்தால் இந்த வழிக்கு டைல்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இடுப்பு வலி கண்ட ஒருத்தியை அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிறந்த பையனுக்கு வழிவிட்டான் என்று பேர் வைத்தார்கள். பிணத்தை மட்டும் யாரும் அந்த வழியாகக் கொண்டுபோகவில்லை.

தளவாயின் பெண்டாட்டி, “நான் வாக்கப்பட்டது வீட்டுக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா” என்று கேட்டுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருந்துகொண்டாள். தளவாய் மட்டும் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஓட்டையைப் பார்த்து உட்கார்ந்தபடி வருஷக்கணக்காக இருந்தார். அப்படி இருந்த மனுஷர் திடீரென்று, யாரும் கேட்காமலே, வீடு விலைக்கு என்றார். ஓடு ஒழுகியது, உத்திரத்தில் கறையான், குளியலறைக்குக் கதவு கிடையாது, இத்தனைக்கும் மேலே வீட்டுக்கு நடுவே ஒரு தெருவே போகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உலகம்மை ஒருத்திதான் வாங்குவேன் என்றாள்.

உலகம்மையின் புருஷன் ஆவுடையப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே இருந்தவர்கள் இரண்டு பேரும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றுதான் சொல்லி வைத்தார்களே ஒழிய, பழைய வீட்டை வாங்கிப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை, அதில்தான் சீரழிவு அதிகம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஜோசியர் வீட்டுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார், ஆவுடையப்பன் எல்லோரிடமும் ‘அவ ஆசப்படுதா’ என்று ஒரே பதிலைச் சொல்லி, அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் பதிய நாளும் குறித்தாயிற்று. பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

“வேண்டாம்ட்டி உலகு. விட்டுரலாம்.”

“எதை?”

“வீட்டைத்தான். குடுத்த அட்வான்ஸ் போனாப் போவுது.”

உலகம்மை கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். “உத்திரத்த மாத்தணும்னு கொத்தனாரு செவத்தியான் சொல்லுதான். உத்திரத்த எடுத்தா ஓடு தங்காது. ஓட்ட எடுத்தா செவரு நிக்குமான்னு கேட்டேன், அதுக்கு அவன் மேல பாக்கான். வயரு பூரா எலி கடிச்சுக் கெடக்கு. கூடத்துல ஊரே போவுது வருது, நாளப்பின்ன முடியாமப் படுத்தா எங்கட்டி படுக்க? ரோட்டுலயா?”

“எலி வளையானாலும் தனி வளை வேணும்னு நீங்கதான சொல்லுவிய.”

“எலி வளைக்குள்ள ஊர்கோலம் போச்சுன்னா அது தனி வளையாட்டி?”

வேறு சமயமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். கறையானும் எலியும் ஓடும் அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே அவருக்குத் தெரியும் என்பது உலகம்மைக்குத் தெரியும். அவர் மனதில் கிடந்தது வேறு. அதை அவர் சொல்லவில்லை, அவள் மனதில் கிடந்ததை அவளும் இதுவரை சொல்லவில்லை, இரண்டும் ஒன்றுதான்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பிரமநாயகி, கூப்பிடுவது பிரமு. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து செத்துப்போனாள், அந்த நட்சத்திரமும் அடைப்பில் விழுந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், நிஜமாகவே அழுதாள், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தலவாசல் வழியாக் கொண்டு போயிராதிய, நாங்களும் பிள்ளகுட்டிக்காரங்க” என்றாள். அப்படியானால் சுவரை இடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “வாடகைக்கு இருக்கவங்க செவர இடிக்கலாமா” என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் தெருவே சொன்னது. கடைசியில், கொல்லைப்புறத்தில், அந்தக் காலத்தில் கக்கூஸ் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கென்று விட்ட சந்து வழியாகப் பிள்ளையை எடுத்துப் போனார்கள். அந்தச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஆவுடையப்பன் ஒற்றை ஆளாக, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சுவர் உரசப் பக்கவாட்டில் நடந்தார். வழியைப் பார்த்துவிடப் போகிறது, முகத்தை மூடு, முகத்தை மூடு என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட, தோளில் கிடந்த துண்டை இழுத்து மூடினார். உலகம்மை கொல்லை வாசலுக்கு ஓடி வந்தபோது அவளுக்குத் தெரிந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

பதினாறாம் நாள் கழிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு வீடு, அதற்கப்புறம் இன்னொரு வீடு, விற்கப் போகிறோம் என்று ஒருவர், மகனுக்குக் கல்யாணம் என்று ஒருவர். ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சும்போது உலகம்மை அழுவாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் அழுதது இந்த வீடு பிரமுவுக்குத் தெரியாதே என்றுதான். சொந்த வீட்டுக்காரர்களுடைய செத்துப்போனவர்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை வந்து நிற்க ஒரு வாசல் இருக்கிறது, வாடகைக்கு இருக்கிறவர்களுடைய செத்துப்போனவர்கள் எந்தத் தெருவில், எந்தக் கதவைத் தட்டி, இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார்கள்? தளவாய் வீட்டுச் சுவர் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது உலகம்மை அன்றைக்கே போய் வாங்குவேன் என்றது அதனால்தான். யார் அடைத்தாலும் அடையாத வழி ஒன்று இருக்குமானால் அது தன் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாள். புருஷனிடம் விலை மலிவு என்று மட்டும் சொன்னாள். அவர் அதை நம்பவில்லை. தளவாய் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இனிமேல் இவள் போய் உட்காருவாள், செத்துப்போகும் வரை உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

“சரி” என்றாள் உலகம்மை. “கடைசியா ஒருக்கா போயிப் பாத்துட்டு வருவோம். அப்பமும் வேண்டாம்னு தோணிச்சுன்னா விட்டுருவோம்.”

அவர்கள் போனபோது தளவாய் தலைவாசல் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே ஆள் போகிற அளவு ஓட்டையை வைத்துக்கொண்டு, ஊரே போகிற வாசலை இந்த மனுஷர் எதற்குப் பூட்டினார் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. செவத்தியான் கொத்தனார் முன்னாலேயே அந்த வழியாக உள்ளே வந்து, கையால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் காலத்துக் கொத்தனுக்கு வேலை தெரியாது. சுண்ணாம்பக் கொழச்சு அப்பியிருக்கான். நான் கம்பி கட்டி காங்கிரீட் போட்டு அடைச்சுத் தாரேன். யானை முட்டினாலும் தெறக்காது.”

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், நிற்காமலே திரும்பி, “நீ அடைச்சிட்டுப் போயிருவ, நாங்க கடைக்குப் போவ ஒன் தலைமேல ஏறியா போவ?” என்று கேட்டுவிட்டுத் தலைவாசல் வழியாக இறங்கிப் போனாள். செவத்தியான் சுவரைத் தட்டுவதை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்து ஓட்டுக் கூரையைப் பார்க்கப் போனார், ஆவுடையப்பனும் கூடவே போனார்.

உலகம்மை தளவாயை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். ஒங்க அம்மா வந்தாவளா?”

தளவாய் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவளைப் பார்க்காமல் பேசினார்.

“வந்தா மதினி. போன ஐப்பசில. நல்ல மத்தியானம். கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோற செம்பு கையில இருக்கு. பள்ளிக்கூடத் தெருவுல இருந்து ஏறி வந்தா. நான் எந்திச்சு அம்மான்னேன். என்னைப் பாத்தா. பாக்கலன்னு சொல்ல முடியாது, பாத்தா. ஆனா எப்படிப் பாத்தாங்கிய, நாம போற வழில எவனோ நாற்காலியப் போட்டு ஒக்காந்திருந்தா எப்படிப் பாப்போம், அப்படி. ‘கொஞ்சம் ஒதுங்கும்யா’ன்னா. ஒதுங்கிட்டேன். தலவாசல் எறங்கிப் போயிட்டா. ஓடிப்போயி தெருவுல பாத்தேன், இல்ல.”

“ஒண்ணும் கேக்கலயா? ஒங்க பிள்ளையளப் பத்தி, ஒண்ணும்?”

“ஒதுங்கும்யான்னா. அம்புட்டுதான். வீட்டுக்கு வருவான்னு நெனச்சுத்தான் அத்தன வருசம் ஒக்காந்திருந்தேன் மதினி. அவளுக்கு இது வீடு இல்ல, வழி. அதுக்குப் பொறவு எனக்கு இங்க இருப்புக் கொள்ளல.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குப் பத்திரம் போடப் போறோம், ஒங்ககிட்ட மறைச்சா பாவம்லா” என்றார்.

உலகம்மை அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். அவள் கூடத்துக்கு வந்தபோது பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஓட்டை வழியாக ஏறி வந்துகொண்டே இருந்தார்கள், பையும் செருப்பும் தண்ணீர் பாட்டிலுமாக, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டு, பேசிய பேச்சை நிறுத்தாமல், பெரியவர்களைக் கண்டதும் குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. உலகம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு பிள்ளையும் அவளைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் எதிரே தலைவாசல் வெளிச்சத்தில் இருந்தது. பிரமு வந்தாலும் இப்படித்தான் வருவாள், இப்படித்தான் போவாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வராத மகளுக்காக அழுவது அவளுக்குப் பழகிய காரியம், வந்து நிற்காமல் போகிற மகளுக்காக எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பன் கொல்லை வாசலில் தூணைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அடுக்களை ஜன்னல் அவர் தலைக்கு நேரே இருந்தது.

“வேண்டாங்க” என்றாள் உலகம்மை. “நீங்க சொன்னதுதான் சரி. விட்டுருவோம்.”

“வாங்குவோம்” என்றார் அவர்.

“நீங்கதான மத்தியானம்...”

“மத்தியானம் சொன்னேன். நீ இங்கன ஒக்காந்து அவள நிறுத்தி வச்சுக்கலாம்னு காத்துக் கெடப்பியேன்னு பயந்து சொன்னேன். இப்பம் தளவாய் சொன்னதக் கேட்டேன். நிக்க மாட்டாவன்னு தெரிஞ்சு போச்சுல்லா. இனி எனக்குப் பயம் இல்ல.”

“எனக்கு இருக்கு. ஒருக்கா போனதத் தாங்குனதே போதும். ரெண்டாந்தரம் என்னால அனுப்ப முடியாதுங்க.”

“மொதத் தரமே நாம அனுப்பலையேட்டி. ஒளிச்சு வச்சுல்லா கொண்டு போனோம்.”

அவர் குரல் பெரியதாகிவிட்டது, பஸ்ஸில் பேசிப் பழகிய குரல். “நான் கண்டக்டரு. வண்டில ஏறுன ஒருத்தரும் எங்கூட வீட்டுக்கு வந்ததில்ல. அவங்கவங்க ஸ்டாப்பு வந்தா எறங்கிப் போயிருவாவ. ஆனா டிக்கெட்டு குடுக்கயில மொகத்தப் பாப்பேன்லா? அது போதும் எனக்கு. கடைசில நான் பாத்தது துண்டு. என் துண்டு. ஒருக்கா, போற வழில, அவ மொகத்த நல்லாப் பாத்துட்டம்னா போதும்ட்டி.” தோளில் கிடந்ததைக் கீழே தள்ளிவிட்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது உலகம்மை பார்த்ததில்லை. கூடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள், யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டதுபோல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் பெருவிரலை வைக்கச் சொன்னபோது உலகம்மை கையை நீட்டிவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டாள். தளவாய் ஒரு பக்கம், ஆவுடையப்பன் ஒரு பக்கம் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது, சொல்லிவிட்டால் வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போகலாம், அங்கே யாரும் வரமாட்டார்கள், யாரும் போகவும் மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “அம்மா, பின்னால ஆளு நிக்காவ” என்றார். உலகம்மை விரலை வைத்தாள்.

செவத்தியான் உத்திரத்தை மாற்றினார், ஓடு மாற்றினார், குளியலறைக்குக் கதவு போட்டார். கம்பி கட்டி அடைக்கிறேன் என்று அவர் எத்தனையோ சொல்லியும் உலகம்மை கேட்கவில்லை. ஓட்டையின் விளிம்பை மட்டும் ஏறி இறங்குகிறவர்கள் கையில் கீறாதபடிக்குப் பூசிக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு தெருக்காரர்களுக்கும் உயிர் வந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்குப் புதுக்கிணற்றுத் தெருக்காரர்கள் தலைவாசல் வழியாகவும் பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் சுவர் வழியாகவும் தேங்காய் பழத் தட்டோடு ஏறி வந்து, கூடத்தில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, வழியை அடைக்காமல் விட்ட மகராசி என்று அவளை வாழ்த்தினார்கள். அவள் சிரித்து வைத்தாள்.

தளவாயின் நாற்காலியை ஆவுடையப்பன் எடுத்து வெளியே போட்டுவிட்டு, சுவரோரமாக ஒரு பெஞ்சு போட்டார். இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கூப்பிடக் கூடாது. கையைப் பிடிக்கக் கூடாது. மறிக்கக் கூடாது. மத்தியானம் ஆனால் அவர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, வேலைக்குப் போகிற நாளில் இருந்ததுபோல் தலைவாரி வந்து பெஞ்சில் உட்காருவார். அவள் ஏதாவது கைவேலையை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். ஊர் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. யாரைப் பார்க்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்குமா, தெரியும், ஆனால் யாரும் கேட்டதில்லை, போகிற போக்கில் ‘இருக்கியளா அண்ணாச்சி’ என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோடை விடுமுறை வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாததால் மத்தியானங்களில் அந்த வழியில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படி ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஆவுடையப்பனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கம் வந்தது. பெஞ்சு சுடுகிறது என்று தரையில் இறங்கியவர் அப்படியே சாய்ந்து, வழிக்குக் குறுக்கே காலை நீட்டித் தூங்கிப்போனார். உலகம்மை சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

பிரமு ஏறி வந்தாள். பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடையை மடித்துக் கட்டியதில் ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. முறைப்படி செருப்பைக் கையில் எடுத்திருந்தாள். நாலு எட்டு வைத்து வந்தவள் ஆவுடையப்பனின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். படுத்திருப்பவர்களைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. சுற்றிப் போக முடியாது, ஒரு பக்கம் பெஞ்சு, ஒரு பக்கம் உலகம்மை. பிரமு உலகம்மையைப் பார்த்தாள், தெரியாத வீட்டில் தெரியாத அம்மாளைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்துவிட்டு, காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் தூங்கும் வரைக்கும் இவள் நிற்பாள் என்று உலகம்மைக்குத் தெரிந்தது. சுளகைப் பிடித்த கை அசையாமல், கண் கொட்டாமல் பார்த்தாள். நெற்றியில் கதவு இடித்த தழும்பு. ஒரு காது மடல் கொஞ்சம் சின்னது. மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை அடங்கவில்லை, இந்த மனுஷன் இப்படியே சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும் தெய்வமே என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடிக்கும் முன்னேயே வெட்கமாக இருந்தது. வீட்டை வாங்கியது அவர், ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாங்கியவர், குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறார். எழுப்பினால் பார்ப்பார். எழுப்பினால் காலை மடக்குவார்.

பிரமு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். ரேஷன் கடை வரிசையில் அம்மாவோடு நிற்கும்போதும் அப்படித்தான் மாறி மாறி நிற்பாள், கால் வலித்தாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். அவள் கண் தலைவாசலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. எங்கே போகிறாள் என்று உலகம்மைக்குத் தெரியாது, ஆனால் போகிற இடம் ஒன்று அவளுக்கு இருந்தது, அதற்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிள்ளையை எவ்வளவு நேரம்தான் நிற்க வைப்பது?

உலகம்மை சுளகைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள்.

“என்னங்க” என்றாள். “எந்திங்க. கால மடக்குங்க. பிள்ள போவணும்.”

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். பார்த்தார். அவர் உதடு அசைந்தது, ஆனால் கூப்பிடவில்லை. கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்து, முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு காலை மடக்கினார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலையும் மடக்கிக்கொண்டார்.

பிரமு கூடத்தைக் கடந்தாள். தலைவாசலில் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, படியிறங்கி, வெயிலில் தெருவோடு நடந்து போனாள்.